நிலத்தடிக் காற்றுக் குழாய்: யாருக்குப் பொருந்தும், யாருக்கு வேறு வழி நல்லது?

தரைக்கு 3 மீட்டர் கீழே குழாய் பதித்து, அதன் வழியே வெளிக்காற்றை இழுத்து வீட்டுக்குள் விட்டால் ஏசியே வேண்டாம் என்று சொல்கிறார்கள். சில இடங்களில் இது உண்மை. சில இடங்களில் பாதி உண்மை. இன்னும் சில இடங்களில், இவ்வளவு மண்ணைத் தோண்டிய பிறகு கையில் மிஞ்சுவது பூசணம் பிடித்த ஒரு குழாய்தான். எந்த இடத்தில் எது நடக்கும் என்பதைத் தோண்டுவதற்கு முன்பே ஏறக்குறைய கணித்துவிட முடியும். அதற்கான அளவுகோல்களை முதலில் வைத்துக்கொண்டு, காற்றுக் குழாயையும் அதற்குப் போட்டியாக நிற்கும் வழிகளையும் எடைபோடலாம்.

## முடிவெடுக்கும் முன் தெரிய வேண்டியவை

மண்ணின் வெப்பநிலை. பகல், இரவு மாற்றம் அரை மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கோடை, குளிர்கால மாற்றம் அடங்கச் சில மீட்டர் போக வேண்டும். அதற்குக் கீழே மண் நிற்பது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையில். பெரும்பாலும் அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக. எவ்வளவு நல்ல குழாய் போட்டாலும் இதைவிடக் குளிர்ந்த காற்று வராது. ஆண்டுச் சராசரி 17 டிகிரி உள்ள இடமும் 28 டிகிரி உள்ள இடமும் இந்த விஷயத்தில் இரண்டு வேறு உலகங்கள்.

இதை அறிய எளிய வழி, கிணற்று நீர். 10 முதல் 20 மீட்டர் ஆழத்து நீரை இறைத்து, குழாயில் தேங்கியிருந்தது வெளியேறும்வரை 15 நிமிடம் ஓடவிட்டு, வாளியில் பிடித்த உடனே வெப்பமானியை வையுங்கள். மிக ஆழமான ஆழ்துளைக் கிணற்றின் கணக்கு வேறு. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 2.5 முதல் 3 டிகிரி வரை பூமியின் உள்வெப்பம் கூடும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

காற்றின் ஈரம். கோடையில் பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு, ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். வானிலைத் தரவுகளில் இரண்டும் கிடைக்கும். பனிநிலை மண்ணின் வெப்பநிலையைவிட அதிகமாக இருந்தால் குழாயின் உட்சுவர் வேர்க்கும். ஏர் கூலர் எவ்வளவு இறக்கும் என்பதைச் சொல்வது ஈரக்குமிழ் எண்.

அறைக்குள் வரும் வெப்பம். நிழலில்லாத கான்கிரீட் தளம் உச்ச வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல் உள்ளே தள்ளும். 12 சதுர மீட்டர் அறையென்றால் கூரை வழியாக மட்டும் 600 வாட். எந்தக் குளிர்விப்பும் முதலில் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

மற்றவை: தோண்ட இடம் உண்டா, தண்ணீர் தாராளமா, மின்சாரம் நிலையாக வருகிறதா, இரவில் சன்னலைத் திறந்துவைக்க முடியுமா.

## வழி 1: நிழலும் இரவுக் காற்றும்

இதைச் செய்யாமல் மற்ற நான்கில் எதற்குப் போனாலும் வீண் செலவு. தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சு, அல்லது ஓர் அடி இடைவெளி விட்டு நிழற்பந்தல். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் தட்டி. உள்ளே தொங்கும் திரையால் பெரிய பயனில்லை, வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். இரவு முழுக்கச் சன்னல்களைத் திறந்துவைத்து, காலையில் வெளிக்காற்று உள்ளிருப்பதைவிடச் சூடாகும் நேரத்தில் மூடிவிட வேண்டும்.

பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உள்ள வறண்ட இடங்களில், கனத்த சுவருள்ள வீட்டுக்கு இதுவே போதும் என்ற நிலைகூட வரலாம். இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்களில் இரவுக் காற்றால் ஆவது குறைவு. நிழலின் பயன் மட்டும் எங்கும் குறையாது. கூடவே ஒரு மின்விசிறி. உடலில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் படும் காற்று 2, 3 டிகிரி குறைந்த உணர்வைத் தரும். இந்தப் பட்டியலில் மறைமுகச் செலவு கிட்டத்தட்ட இல்லாத வழி இது ஒன்றுதான்.

## வழி 2: நிலத்தடிக் காற்றுக் குழாய்

எவ்வளவு குளிர் தரும். 200 மி.மீ உள்விட்டக் குழாயில் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் காற்று போனால் மணிக்குச் சுமார் 280 கன மீட்டர். 40 டிகிரிக் காற்று 30 டிகிரியாக இறங்கி வெளிவந்தால் மண் வாங்கிக்கொண்ட வெப்பம் சுமார் 900 வாட், அதாவது கால் டன் ஏசி. இதைச் சொல்லித்தான் விற்பார்கள்.

ஆனால் அறைக்கு வேண்டிய கணக்கு வேறு. அறை 32 டிகிரியில் இருந்தால், 30 டிகிரிக் காற்று அறையிலிருந்து எடுப்பது 2 டிகிரி வித்தியாசத்துக்கான வெப்பத்தை மட்டுமே: 180 வாட். மேலே சொன்ன கூரை வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே குழாய் 22 டிகிரி மண்ணில் இருந்து 24 டிகிரிக் காற்றைத் தந்தால் அதே அறையிலிருந்து 720 வாட் எடுக்கும். குழாய் மாறவில்லை, விசிறி மாறவில்லை. மாறியது மண் மட்டும்.

ஆக, மண் 24 டிகிரி அல்லது அதற்குக் கீழ் என்றால் தயங்காமல் யோசிக்கலாம். 24 முதல் 27 வரை, நிழலும் மின்விசிறியும் சேர்ந்தால் பயன் உண்டு. 28-ஐத் தாண்டினால் இது குளிர்விக்கும் ஏற்பாடு ஆகாது. வெயில் நேரத்திலும் அனல் அடிக்காத புதுக்காற்று தரும் ஏற்பாடு என்றே எண்ண வேண்டும்.

ஆழம். ஓரளவு ஈரமுள்ள சாதாரண மண்ணில், மேலே ஆண்டு முழுதும் சராசரிக்கு 10 டிகிரி மேலும் கீழும் ஆடும் வெப்பநிலை, 1 மீட்டரில் சுமார் 6.4 டிகிரி, 2 மீட்டரில் 4, 3 மீட்டரில் 2.6, 4 மீட்டரில் 1.7 டிகிரி என அடங்குகிறது. அதோடு காலமும் தள்ளிப்போகிறது: 3 மீட்டர் ஆழத்தில் உச்ச வெப்பம் வருவது இரண்டரை மாதம் கழித்து. அதனால் மேலே வெயில் உச்சத்தில் இருக்கும்போது அந்த ஆழம் சராசரியை ஒட்டியே நிற்கும். 3-லிருந்து 4 மீட்டருக்குப் போவதால் கிடைப்பது ஒரு டிகிரிக்கும் குறைவு. தோண்டும் சிரமமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். இரண்டரை முதல் 3 மீட்டரில் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

நீளம். மேலே சொன்ன வேகத்தில், காற்றுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கை முதல் 20 மீட்டரே எடுத்துவிடும். 30 மீட்டரில் 85 முதல் 90 விழுக்காடு. அதை 60 மீட்டராக்கினால் கூடுவது 10 விழுக்காடுதான். நீளத்தைக் கூட்டுவதைவிடக் குழாயை மெலிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது மேல். ஒரு 200 மி.மீ குழாய்க்குப் பதில் நான்கு 100 மி.மீ குழாய்கள் போட்டால் காற்று போகும் வழி அதே அளவு, மண்ணைத் தொடும் பரப்பு இரு மடங்கு. உராய்வும் ஏறக்குறைய இரு மடங்காகும் என்றாலும் குழாயில் பொருத்தும் சிறிய விசிறி (டக்ட் ஃபேன்) அதைச் சமாளிக்கும். குழாய்களுக்கு இடையே குறைந்தது ஒரு மீட்டர் விட வேண்டும். நெருக்கிப் போட்டால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்குப் போய்விடும்.

குழாயின் பொருள். உலோகம் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். வெப்பம் கடப்பதற்கான தடை பெரும்பாலும் குழாய்ச் சுவரில் இல்லை. சுவரை ஒட்டி நகரும் காற்றுப் படலத்திலும் வெளியே இருக்கும் மண்ணிலும்தான். பி.வி.சி சுவர் அந்தக் காற்றுப் படலத்தின் தடையில் கால் பங்கு அளவே சேர்க்கிறது. உட்புறம் வழவழப்பாக இருப்பதும் இணைப்புகளில் ரப்பர் வளையம் இருப்பதும் பொருளைவிட முக்கியம். உட்புறம் நெளிநெளியாக உள்ள மலிவுக் குழாய் ஒவ்வொரு நெளிவிலும் நீரைத் தேக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

மண் களைத்துப்போவது. விசிறியை இடைவிடாமல் ஓடவிட்டால் குழாயைச் சுற்றியுள்ள மண் சூடேறி, நாட்கள் செல்லச் செல்ல குளிர்ச்சி குறையும். காய்ந்த மணல் வெப்பத்தைக் கடத்துவதில் ஈரக் களிமண்ணுக்கு நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. எனவே குழாயைச் சுற்றி மெல்லிய மண்ணைத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். கல்லும் செங்கல் துண்டுமாக நிரப்பினால் இடையே நிற்கும் காற்று போர்வையாகிவிடும். மேலே செடி வைத்து நீர் பாய்ச்சுவது இரட்டை லாபம்: மண் ஈரமாகும், தரைக்கு நிழலும் விழும்.

இரவில் நிறுத்தத் தெரிய வேண்டும். வெளியே 23 டிகிரி, மண் 27 டிகிரி என்றால் குழாய் காற்றைச் சூடாக்கியே உள்ளே விடும். அந்த நேரத்தில் வீட்டுக்குச் சன்னல் போதும். குழாயின் காற்றை அறைக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட ஒரு கதவு வைத்திருந்தால், இரவுக் காற்றாலேயே மண்ணைக் குளிரவைத்து மறுநாளுக்குத் தயாராக்கலாம்.

பதிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- குழிக்கு அடியில் 10 செ.மீ மணல் படுக்கை. வாட்டம் (சரிவு) மீட்டருக்கு 2 செ.மீ, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராக. ஒவ்வொரு குழாய்த்துண்டு இறக்கியதும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஓர் இடம் தொய்ந்தாலும் அங்கே நீர் தேங்கும்.
- வாட்டத்தின் தாழ்ந்த முனையில் நீர் சேரும் தொட்டி, காற்றுப் புகாத மூடி, நீரை வெளியேற்ற வழி. மூடி சரியில்லையென்றால் குழாய்க்குப் பதில் தொட்டிக் காற்றைத்தான் வீடு சுவாசிக்கும்.
- காற்று உள்ளே போகும் வாய் தரையிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலில். மழை மூடி, ஒன்றிரண்டு மி.மீ கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை, கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி. வண்டி நிறுத்துமிடம், கழிவுநீர்த் தொட்டி, குப்பைக் குழி ஆகியவற்றுக்கு அருகில் கூடாது.
- 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி. சுத்தம் செய்யும் தூரிகை திரும்ப முடியும், உராய்வும் குறையும். குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றைக் கடைசிவரை விட்டுவைத்தால் பின்னாளில் தூரிகையைக் கட்டி இழுக்க உதவும்.
- ரேடான் (மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு) கசியும் நிலமென்றால் விசிறியை வெளிவாயில் வைத்து உள்நோக்கித் தள்ள வேண்டும். வீட்டுப் பக்கம் வைத்து இழுத்தால், இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் மண் வாயு உள்ளே வரும்.
- உள்ளே வரும் அளவு காற்று வெளியேற அறையின் உயரத்தில் திறப்பு. இதை மறந்துவிட்டு விசிறி சரியில்லை என்று மாற்றியவர்கள் உண்டு.

மறைமுகச் செலவு. 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் ஆழம், 80 செ.மீ அகலம் என்றால் 72 கன மீட்டர் மண். தோண்டி எடுத்தால் உதிர்ந்து 90 கன மீட்டராகும். அதைக் கொட்டிவைக்க இடம் வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண்ணே ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். சரிந்தால் இழுத்து மீட்க அவகாசம் இராது. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டினால் கட்டடத்துக்கே ஆபத்து: அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 45 டிகிரிச் சாய்வில் கோடு போட்டு, குழி அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும்படி பார்க்க வேண்டும். நிலத்தடி நீர் 3 மீட்டருக்கு மேலேயே நிற்கும் இடத்தில் வெறுங்குழாய் மிதந்து மேலே வரப் பார்க்கும். பாறை நிலமென்றால் பேச்சே இல்லை.

இந்தச் செலவெல்லாம் பாதியாகும் ஒரே தருணம், புது வீட்டுக்கு எப்படியும் மண் தோண்டும் நேரம். கட்டி முடித்த வீட்டில் பிறகு சேர்ப்பது பெரும்பாலும் கட்டுபடியாகாது.

பூசணம். ஈரக் கோடை, குளிர்ந்த மண் என்ற சேர்க்கைதான் மோசம். மண் 18 டிகிரி, பனிநிலை 23 டிகிரி என்றால் குழாய்ச் சுவரில் நாள் முழுக்க நீர் வழியும். வாட்டம் சரியாக இருந்தால் வழிந்தோடும், இல்லையென்றால் நாற்றம். ஆண்டு முழுதும் வெப்பமான கடலோர இடங்களில் பனிநிலை 25, மண் 28 என்பதுபோல் இருக்கும். அங்கே குழாய் வேர்க்காது, குளிரவும் குளிராது. வறண்ட கோடையும் குளிரான குளிர்காலமும் உள்ள உள்நிலப் பகுதிகளில்தான் இந்தக் குழாய்க்கு இரண்டும் சாதகம்.

## வழி 3: மண்ணுக்குள் நீர்ச் சுற்று

பலர் எண்ணிப் பார்க்காத வழி இது. 32 மி.மீ பாலித்தீன் குழாயை ஒன்றரை முதல் 2 மீட்டர் ஆழத்தில் பதித்து, அதற்குள் நீரைச் சுழலவிட்டு, வீட்டுக்குள் வைத்த உலோகக் குழாய்ச் சுருளின் வழியே காற்றை ஊதுவது. ஒரு லிட்டர் நீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்கச் சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். அதனால் குழாய் மெலிது, குழி குறுகல். மண்ணுக்குள் காற்றே போகாததால் பூசணம், பூச்சி, ரேடான் எதுவும் உள்ளே வர வழியில்லை. வேர்த்தால் சுருளில்தான் வேர்க்கும்; கீழே தட்டு வைத்துப் பிடித்துவிடலாம், சோப்புப் போட்டுக் கழுவலாம்.

குறை: நீர் மண்ணைவிட 5 டிகிரி சூடாக இருக்கும்போது மீட்டருக்கு 10 வாட் அளவுதான் இறங்கும். ஒரு கிலோவாட் வேண்டுமென்றால் 100 மீட்டர் குழாய். பம்பும் சுருளும் கூடுதல். மண்ணின் வெப்பநிலை என்ற வரம்பு இதற்கும் பொருந்தும்.

கிணறு இருந்தால் குழியே வேண்டாம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கிணற்று நீர் சுருளில் 4 டிகிரி ஏறிப் போனால் 2.8 கிலோவாட், காற்றுக் குழாய் கனவிலும் எட்டாத அளவு. அதற்குப் பெரிய சுருள் வேண்டும், அறைக் காற்றும் நீரைவிடப் பல டிகிரி சூடாக இருக்க வேண்டும். மணிக்கு 600 லிட்டர் நீர் எங்கே போகும் என்பதற்கும் பதில் வேண்டும். திரும்ப நிலத்துக்குள் விட இன்னொரு கிணறோ தோட்டமோ இல்லையென்றால் இது நீரை வீணடிக்கும் ஏற்பாடு. உப்பு நீரென்றால் சுருளில் படிவு சேரும்.

## வழி 4: ஏர் கூலர்

வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் நல்ல கூலர் 26 டிகிரிக் காற்றைத் தரும். 35 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 30 டிகிரி, அதுவும் பிசுபிசுப்போடு. முதல் சூழலில், மொத்தக் குளிர்ச்சியின் அளவில் இதை மிஞ்ச ஒற்றைக் குழாயால் முடியாது. இரண்டாவதில் வெறும் மின்விசிறியே மேல்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மறைமுகச் செலவும் அந்த நீரில்தான்: ஆவியாவதோடு, உப்புச் சேராமல் இருக்க அவ்வப்போது தொட்டியை வடித்துவிடும் நீரும் சேரும். காற்று கடந்து வரும் நனைந்த பேட் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியானால் மாற்ற வேண்டும். தொட்டியில் கொசு. சன்னலை மூடிவைத்துக் கூலரைப் போடுவது பொதுவான தவறு. எதிர்ப்புறம் திறப்பு இல்லையென்றால் அரை மணி நேரத்தில் அறை நீராவிக் குளியலாகிவிடும்.

## வழி 5: ஏசி

வெப்பம், ஈரம் இரண்டையும் சொன்னபடி இறக்குவது இது ஒன்றுதான். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் குளிர்ச்சி. அதற்கு முழு ஓட்டத்தில் சுமார் ஒரு கிலோவாட் மின்சாரம். ஈரமான, இரவிலும் வெப்பம் தணியாத இடங்களில் முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் அறைக்கு வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டோம். பலரும் கவனிக்காத குறை: சாதாரண ஸ்பிளிட் ஏசி புதுக்காற்று தராது. மூடிய அறையில் இருவர் இரவு முழுக்கத் தூங்கினால் கரியமில வாயு ஏறி, காலையில் தலை பாரமாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | நிழல், இரவுக் காற்று | காற்றுக் குழாய் | நீர்ச் சுற்று | ஏர் கூலர் | ஏசி |
|---|---|---|---|---|---|
| எட்டும் எல்லை | இரவின் வெப்பநிலை | மண்ணைவிட 1–3 டிகிரி மேல் | மண்ணைவிட 4–6 டிகிரி மேல் | ஈரக்குமிழைவிட 2–4 டிகிரி மேல் | வேண்டிய அளவு |
| மின்சாரம் | மின்விசிறி மட்டும் | 40–60 வாட் | 100–200 வாட் | 100–200 வாட் | டன்னுக்குச் சுமார் 1,000 வாட் |
| ஈரத்தைக் குறைக்குமா | இல்லை | பெரும்பாலும் இல்லை | குளிர்ந்த மண்ணில் ஓரளவு | கூட்டும் | ஆம் |
| புதுக்காற்று | உண்டு | உண்டு | இல்லை | உண்டு | இல்லை |
| பெரிய தொல்லை | பாதுகாப்பு, கொசு | தோண்டுதல், பூசணம் | நீளமான குழாய் | நீர், உப்பு | மின் கட்டணம் |
| கட்டிய வீட்டில் சேர்ப்பது | எளிது | மிகக் கடினம் | கடினம் | எளிது | எளிது |

## சேர்த்துப் பயன்படுத்தினால்

காற்றுக் குழாய் மிக நன்றாகப் பொருந்துவது ஏசி அறையோடுதான் என்பது எங்கள் கருத்து. ஒருவருக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று போதும். இருவருக்கு 60. அதற்கு 100 மி.மீ குழாய் ஒன்றே போதும். 40 டிகிரிக் காற்றை நேராக உள்ளே விட்டால் ஏசிக்குச் சுமை. மண் வழியே வந்தால் அந்தச் சுமையின் பெரும்பகுதி இறங்கிவிடும். அறைக்குப் புதுக்காற்றும் கிடைக்கும்.

குழாயைக் கூலரோடு இணைக்கும் யோசனை தாளில் அழகாக இருக்கும். 40 டிகிரி, 20 விழுக்காடு ஈரக் காற்று குழாயில் 30 டிகிரியாகி, பின் பேட் வழியே போனால் 21.5 டிகிரி வரை இறங்கும். ஆனால் ஓர் அறைக் கூலர் மணிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும், 200 மி.மீ குழாய் தருவதோ 280. ஏழு குழாய்கள் பதிக்கத் தயாராக இல்லையென்றால், குழாய் வாயில் சிறிய பேட் ஒன்றை வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் குழாய்தான் என்று தோன்றினால், பொக்லைனை அழைக்கும் முன் கையால் சுழற்றும் துளைக்கருவியால் 3 மீட்டருக்கு ஒரு துளை போடுங்கள். அடிமூடிய அரை அங்குல பி.வி.சி குழாயை இறக்கி, சுற்றிலும் மண்ணை இறுக்கி, அடிவரை எட்டும் கம்பி வெப்பமானியை உள்ளே விட்டு, வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். கோடையின் உச்ச மாதத்தில் வாரம் இருமுறை குறித்து வாருங்கள். அந்த எண் 25-ஐச் சுற்றி நின்றால் குழியின் நீள அகலத்தைத் திட்டமிடலாம். 28-ஐக் காட்டினால் துளையை மூடிவிட்டு, குழிக்கு வைத்திருந்த தொகையில் முதலில் தளத்துக்கு நிழல் போடுங்கள்.